ஆறாவது குமிழி

நேற்று அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கும்போது, சுருட்டிவைத்த மாஜோங் தாள் ஒன்று தலையில் விழுந்தது. சுவரை மறைக்கும் அளவுக்கு விரியும் வெள்ளைத் தாள். எங்கள் பள்ளிகளில் யாரும் மாஜோங் என்ற அந்தச் சீன ஆட்டத்தை ஆடியதில்லை. குழுவேலை என்றால் அந்தத் தாள் வேண்டும், அவ்வளவுதான். மார்க்கர் வாசனை இன்னும் இருக்கிறதா என்று மூக்கை வைத்துப் பார்த்தேன். இல்லை. ஆனாலும் மலேசியாவின் வடக்கே, சுங்கைப்பட்டாணிப் பக்கம் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த ஐந்தாம் ஆண்டு வகுப்பு கண்முன் வந்துவிட்டது. பச்சையாக உள்ளே விழும் வெளிச்சம். வெயிலில் ரப்பர் கொட்டை வெடிக்கும் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு சும்மாவே உட்கார்ந்திருக்கலாம்.

எனக்கு அப்போது வேலை புதிது. உயர்நிலைச் சிந்தனை என்ற பேச்சு எல்லோர் வாயிலும் இருந்த காலம். பிள்ளைகளைச் சுயமாகச் சிந்திக்க வைக்கும் பாடத்தைப் பார்க்க அதிகாரி வருகிறார் என்றார்கள். நான் நிரந்தரமாவது அவர் எழுதும் அறிக்கையில் இருந்தது. பயத்தில் நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். தாளின் நடுவில் 'மேம்பாட்டின் நன்மைகள்' என்று எழுதி, சுற்றிலும் ஆறு குமிழிகள் வரைந்து, பிள்ளைகள் சுயமாகச் சிந்தித்துச் சொல்லவேண்டிய ஆறு பதில்களையும் ஒரு வாரம் மனப்பாடம் செய்யவைத்தேன்.

அன்று ஐந்து பேர் பிசகாமல் ஒப்பித்தார்கள். நல்ல சாலை, வேலைவாய்ப்பு, பேரங்காடி... ஆறாவது, பவித்ரா. அவள் அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவுபவர். வீடு கட்டும் நிறுவனத்துக்குத் தோட்டம் கைமாறப்போகிறது என்று, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் பேச்சு. 'வசதியான வீடுகள்' என்று சொல்லவேண்டியவள், எழுந்து கேட்டாள்.

"யாருக்கு நன்மை டீச்சர்? எங்க லயத்த இடிச்சிட்டு கட்டுற வீட்ட எங்களுக்குக் குடுப்பாங்களா?"

அதிகாரியின் பேனா நின்றது. நான் அவசரமாக முந்திக்கொண்டேன்.

"அது இன்னிக்குப் பாடம் இல்லம்மா. உக்காரு, அப்புறம் பேசலாம்."

ஆறாவது குமிழியை நானே நிரப்பினேன். போகும்போது அதிகாரி சிரித்தார். "நல்ல பாடம் லா டீச்சர். பிள்ளைங்க நல்லாவே யோசிக்கிறாங்க."

எனக்கு வேலை நிரந்தரமானது. அந்த 'அப்புறம்' மட்டும் வரவில்லை. பவித்ராவும் பிறகு எதையும் கேட்கவில்லை. சொன்னதை மட்டும் எழுதினாள். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது தோட்டம் இல்லை, லயம் இல்லை, பள்ளியையும் பட்டணத்துக்கு மாற்றிவிட்டார்கள். பவித்ரா குடும்பம் கூலிம் பக்கம் வாடகை வீட்டுக்குப் போனதாகக் கேள்வி. வேலை நிரந்தரமான தைரியத்தில் நான் வாங்கிய இந்த வீடு, அந்தத் தோட்டத்து மண்ணில் கட்டியது. கூடத்துத் தரையில் தாளை விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆறாவது குமிழியில் என் கையெழுத்து மங்கவே இல்லை: வசதியான வீடுகள்.