மூன்று பிரதிகள், கையெழுத்தின்றி

விண்ணப்பம் முழுமையாக இருந்தால் பதினைந்து நாட்களுக்குள் சான்றிதழ் தர வேண்டும். தர முடியாவிட்டால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதுதான் விதி. திருவனந்தபுரத்து அலுவலகங்களில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இந்த விதியை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லி ஓய்வு பெற்றவன் நான். அதன் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேன் என்பதற்குப் பரலோகத்தில் தனிப் பதிவேடு இருக்கும். என் முறை 1996-இல் வந்தது.

என் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கென ஒதுக்கிய இடம், அதுவும் தற்காலிகமாக. மார்ச் 31-க்குள் சான்றிதழைக் காட்டாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். நான் அக்டோபரிலேயே விண்ணப்பித்துவிட்டேன்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதில் அலுவலகத்துக்குச் சந்தேகமில்லை. அதற்கு முன் என்னவாக இருந்தோம் என்பதற்குத்தான் ஆதாரம் கேட்டார்கள். சபைப் பதிவேட்டில் என் தாத்தாவின் ஞானஸ்நானம் இருக்கிறது, தேதி இருக்கிறது, சாட்சிகளின் பெயர் இருக்கிறது. பழைய சாதி மட்டும் இல்லை. அந்தக் காலத்துப் போதகர், ஞானஸ்நானத் தண்ணீரோடு அது போய்விட்டது என்று நம்பி எழுதாமல் விட்டிருக்கிறார். விசுவாசம் மிகுந்த மனிதர். அலுவலக அனுபவம் இல்லாதவர்.

தாத்தாவின் அண்ணன் மதம் மாறவில்லை. அவருடைய பேரன்மாரின் சாதிச் சான்றிதழ்களை வாங்கி இணைத்தேன். அதை விசாரித்து அறிக்கை வர வேண்டும் என்றார்கள். நவம்பர் போனது, டிசம்பர் போனது. இரண்டு நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினேன். பதில் இல்லை. கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி அந்த அலுவலகத்துக்கு நடந்து நடந்து பழகியதில், வாசல் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சர்க்கரை போடாமல் ஆற்றத் தொடங்கிவிடுவார்.

பிப்ரவரியில், செக்‌ஷன் கிளார்க் என்னைத் தனியே அழைத்தார். ஸ்ரீவராகத்து அக்ரகாரத்துக்காரர், ஒரு காலத்தில் என் கீழ் வேலை பார்த்தவர், நல்ல மனிதர்.

"உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா சார்? உங்க பெரிய தாத்தா வீட்டுக்காராளுக்கெல்லாம் ஹிந்துன்னு சர்டிபிகேட் இருக்கு. நீங்களும் திரும்பிட்டதா ஒரு அப்ளிகேஷன், கெசட்ல ஒரு வரி. இந்த சீட் போனாலும் வர்ற வருஷம் பெரிய எஸ்.சி. கோட்டாவிலயே கிடைச்சுடும். எதுக்கு இந்தக் குட்டிக் கோட்டாவுக்குக் கிடந்து அல்லாடறேள்?"

"கர்த்தர் பாத்துக்கிட்டு இருப்பாரே."

"அவர் கெசட்டெல்லாம் படிக்க மாட்டார் சார். நானே படிக்கறதில்லை."

"சரி, உம்ம பையனுக்காக ஒரு வருஷம் கிறிஸ்தவன்னு எழுதுவீரா?"

அன்று ஏகாதசி. காலையிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்த மனிதர், மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்.

"அது வேற சார்."

"என்ன வேற?"

"ஆத்துல அடிப்பா."

இருவரும் சிரித்தோம். ஆனால் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள். எங்கள் வீட்டில் நாற்பது நாளும் மீன் கிடையாது. மீனை விடுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. நெய்மீன் தட்டில் வந்து உட்கார்ந்தாலும் அசைய மாட்டேன். சாத்தானுக்கு அது தெரியும். அதனால் படிவத்தோடு வந்தான்.

இந்துவாகத் திரும்புவதற்கான அந்தப் படிவம் எனக்கு மனப்பாடம். பணியில் இருந்தபோது எத்தனையோ பேருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். எந்தச் சான்று எங்கே வாங்க வேண்டும், எத்தனை நாளாகும், சில வருடம் கழித்து ஓசையில்லாமல் எப்படித் திரும்பி வரலாம் என்பது உட்படத் தெரியும். ஒரு மதியம் எழுதிப் பார்த்தேன். எழுதிப் பார்ப்பதில் என்ன என்றுதான். கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தபோது மனதுக்கு ஒரு நிம்மதி வந்தது. அதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. விதிப்படி மூன்று பிரதிகள். கையெழுத்து மட்டும் போடவில்லை.

மேசையைத் துடைக்க வந்த மனைவி எடுத்துப் பார்த்தாள்.

"இது என்னதுங்க?"

"சும்மா. டிராஃப்ட்."

"மூணு காப்பியா?"

"ரூல் அப்படி."

"மூணு தடவையா. சேவல் கூவுமுன்னே கர்த்தரைத் தெரியாதுன்ன சீஷனும் மூணு தடவைதான். சரி. அடுத்த வீட்டுல சேவல் வளக்காங்க, பாத்துக்கிடுங்க."

விடுதியிலிருந்து வந்திருந்த மகளும் வாங்கிப் படித்தாள். அவள் தமிழ் பாதி வழியில் மலையாளத்துக்குப் போய்விடும். "அப்பா, எனக்கு இது வேண்டா. சீட் போனா போகட்டே. ஞாயித்துக்கிழம கொயர்ல பாடிட்டு, திங்கக்கிழம நான் யாராணுன்னு ஃபாரம் நோக்கித் தெரிஞ்சுக்கணுமா?"

சீட் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வேறு கல்லூரியில் சேர்க்க எனக்கு வழியில்லை என்பதும் தெரியும். தாளை மேசையில் வைத்துவிட்டுத் தோசை சாப்பிடப் போய்விட்டாள்.

நான் மூன்றாவது நினைவூட்டை எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுதிய தாளைக் கிழித்தெறிவது எனக்கு ஆகாது. வரைவை எப்போதும் அதன் பின்புறத்தில்தான் எழுதுவேன். அன்றும் அப்படியே, அந்தப் படிவப் பிரதி ஒன்றின் பின்புறத்தில் எழுதி, வெள்ளைத் தாளில் நல்ல பிரதி எடுத்து, கிழக்கேகோட்டைக்குப் போய் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நல்ல பிரதி மேசையில் கிடக்கிறது.

ஐந்து மாதம் உறங்கிய அலுவலகம் ஆறே நாளில் விழித்தது. ஒரு குறிப்பாணை வந்தது: தாங்கள் அனுப்பிய தாளின் ஒரு பக்கத்தில் கிறிஸ்தவர் என்றும் மறுபக்கத்தில் இந்து என்றும் காணப்படுகிறது, எந்தப் பக்கத்தின் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தெரிவிக்கவும். என் பணிக்காலத்தில் இவ்வளவு நேர்மையான கேள்வியை எந்தக் கோப்பிலும் கண்டதில்லை.

விளக்கத்தை எழுதி நேரிலேயே கொண்டு போனேன். கிளார்க் படித்தார்.

"மறுபக்கத்தை ரத்து செய்க, சரி. எழுதியது நான்தான், அதுவும் சரி. 'பயத்தில் எழுதினேன்'னு எதுக்கு சார்? ஃபைல்ல வரக்கூடிய வார்த்தையா இது? 'கவனக்குறைவால்'னு போடுங்கோ."

"கவனமாத்தான் எழுதினேன்."

"தாசில்தார் படிச்சா என்ன நினைப்பார்?"

"நினைக்கட்டும். அவரும் மனுஷன்தானே."

"எத்தனை காப்பி?"

"மூணு. மூணுலயும் கையெழுத்து இருக்கு."

அவர் மூன்றையும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, குண்டூசி குத்தி, பியூனைக் கூப்பிடாமல் தானே மாடிக்கு எடுத்துப் போனார்.

அதன்பின் இரண்டு வாரம் சத்தமில்லை. பெரிய வியாழன் வந்தது. பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர மும்மணி ஆராதனை முழுக்க நான் சிலுவையைப் பார்த்தேனா, கெடு முடியும் திங்கட்கிழமையைப் பார்த்தேனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் மகள் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். பாட்டு அவளுக்கு மனப்பாடம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை, அடுத்த வீட்டுச் சேவல் நேரங்கெட்ட நேரத்தில் கூவிக்கொண்டிருந்தபோது தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். உறையை மகள்தான் பிரித்தாள். சான்றிதழை இரண்டு தரம் படித்துவிட்டு, அம்மாவைத் தேடி அடுக்களைக்கு ஓடினாள். நான் பழக்கதோஷத்தில் காலி உறையை எடுத்து, அதன் மூலையில் வரவுத் தேதியைக் குறித்தேன்: 29-3-1997.