பெண்கள் பக்கத்துக் கேமரா

சிவாஜிநகரில் கல்யாண வீட்டுக்காரர்களிடம், பெண்கள் பக்கத்துக்குப் படமெடுக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் முதலில் வரும் பெயர் ஃபாத்திமா. நிக்காஹ் மண்டபத்தில் ஆண்கள் பக்கம் எத்தனை கேமராக்காரர்கள் வேண்டுமானாலும் சுற்றலாம். திரைக்கு இந்தப் பக்கம் ஒருத்திதான். அந்த ஒருத்தியாக அவள் ஆனது தற்செயல். வங்கி ஒன்றின் தொலைபேசிச் சேவையில் உட்கார்ந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டு அலுத்துப்போயிருந்த சமயம். மாமன் மகள் கல்யாணத்துக்குப் படமெடுக்கச் சொல்லிவைத்திருந்த பெண் வரவில்லை. "நீதானே காலேஜ்ல போட்டோ எடுத்து பிரைஸ் வாங்கினே?" என்று அவள் கையில் கேமராவைத் திணித்தார்கள். கேமரா கையிலேயே தங்கிவிட்டது. வங்கி வேலைதான் போனது.

இந்தத் தொழிலில் எழுதாத கட்டுப்பாடுகள் உண்டு. பெண்கள் பக்கம் நுழையும்போதே எல்லோருடைய போனும் வாசலில் ஒரு துணிப்பைக்குள் போய்விடும். புர்காவைக் கழற்றிவைத்துவிட்டுப் பட்டுப் புடவையில் நிற்கிறவர்களின் படம் யாருடைய போனிலும் இருக்கக் கூடாது. படமெடுக்கிறவள் பிரிக்காத புது மெமரி கார்டோடு வர வேண்டும். அதன் உறையை வீட்டுக்காரர்களே கிழித்துக் கொடுப்பார்கள். முடிந்ததும் கார்டைக் கழற்றிப் பெண்ணின் அம்மா கையில் வைத்துவிட்டு வெறும் கேமராவோடு கிளம்ப வேண்டும். ஃபாத்திமா இதற்கு ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "எங்கிட்ட இருந்தா எனக்குத்தாங்க தூக்கம் வராது" என்பாள்.

கேமரா மட்டும் அவளுடையதில்லை. அடுகோடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் டிரேவரிடம் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வாடகைக்கு எடுப்பாள். பெரிய டி.எஸ்.எல்.ஆர். கழுத்தில் மாட்டினால் சாயங்காலத்துக்குள் தோள் இறங்கிவிடும். இந்த சீசனில் சொந்தமாக வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. எதை வாங்குவது என்பதில்தான் அவளுக்கும் டிரேவருக்கும் ஒத்துப்போகவில்லை. அவளுக்கு டிரேவரின் மனைவி லவினா வைத்திருந்த, உள்ளங்கையில் அடங்கிவிடும் சின்ன டிஜிட்டல் கேமராவின் மேல் கண்.

"கல்யாண வீட்டுக்குத் தீப்பெட்டி சைஸ்ல ஒண்ண எடுத்துட்டுப் போனா ஒன்ன போட்டோகிராபர்னு எவன் நம்புவான்? பந்தி அந்தப் பக்கம்னு கை காட்டுவாங்க" என்றார் டிரேவர்.

"உங்க டப்பாவத் தூக்கினாப் போதும்ணா. அதுவரைக்கும் சிரிச்சிட்டிருந்த மாமிங்க எல்லாம் ஆதார் கார்டுக்கு உக்காந்த மாதிரி ஆயிடறாங்க. சத்தம் வேற, சட்டக்கு சட்டக்குனு. பாதி பேர் துப்பட்டாவ இழுத்து மூடிக்கிறாங்க."

"அது கேமரா தப்பா?"

"அட, ரெண்டையும் எடுத்துட்டுப் போகட்டுமே" என்று உள்ளே இருந்து லவினாவின் குரல் வந்தது. "படம் வந்தாத் தெரிஞ்சிடப் போகுது. ஃபாத்திமா, என்னோடத எடுத்துக்கோ. கீழ மட்டும் போட்டுடாதம்மா, அப்பறம் இவரு எனக்கு வாங்கித் தர மாட்டாரு."

அப்படித்தான் கமருன்னிசா வீட்டுக் கல்யாணத்துக்கு அவள் இரண்டு கேமராக்களோடு போனாள். பெரிய குடும்பம். வாணியம்பாடியிலிருந்து வந்து துணிக்கடை வைத்து, இன்றைக்கு உறவிலேயே வருஷத்துக்கு நாலைந்து கல்யாணம் நடக்கும் வீடு. அங்கே நல்ல பெயர் எடுத்தால் வேறு எங்கும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. பெயர் கெட்டாலும் அப்படித்தான்.

பெரிய கேமராவின் கார்டு உறையை வாசலிலேயே பெண்ணின் அம்மா கமருன்னிசா கிழித்துக் கொடுத்தார். இரண்டாவது உறையையும் கிழித்துக் கையில் கொடுத்ததும், பிரியாணிக்காரர் கூப்பிட்டனுப்பி, பூக்காரி கூப்பிட்டு, ஆள் பறந்துவிட்டார். ஃபாத்திமா அந்தக் கார்டை, அப்புறம் கேமராவில் போடலாம் என்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டு மணப்பெண் அறைக்குள் போனாள்.

அங்கே பெண்ணின் சாச்சி, அதாவது சின்னம்மா, ஷமீமா கச்சேரி நடத்திக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த அன்று டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டது யார் என்ற விசாரணை. அறை முழுக்கச் சிரிப்பு. ஃபாத்திமா சின்னக் கேமராவை இடுப்பு உயரத்தில் பிடித்து அழுத்திக்கொண்டே போனாள். சத்தமே இல்லை. யாரும் திரும்பவில்லை. நடுவில் உள்ளே வந்த கமருன்னிசா, விஷயத்தைக் கேட்டுக் கட்டிலில் சாய்ந்து, முந்தானை நழுவி விழ, கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதையும் எடுத்தாள். இதற்குத்தானே சின்னக் கேமரா என்று உள்ளே ஒரு துள்ளல்.

கொஞ்ச நேரத்தில் கேமரா இடமில்லை என்று காட்டி நின்றுவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தால் கார்டே இல்லை. கைப்பையில் கிடந்த கார்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, மணப்பெண் கழுத்தில் கருகமணி கட்ட ஆள் வந்துவிட்டார்கள் என்ற கூச்சலில் வெளியே ஓடினாள். டிரேவரின் கேமரா கார்டு இல்லாமல் ஒரு படமும் எடுக்காது. அந்தப் பழக்கத்தில், இதுவரை எடுத்தவை பதிவாகவே இல்லை, போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டாள். அவை வேறு எங்காவது போயிருக்கும் என்று தோன்றவே இல்லை.

கருகமணி கட்டும்போது பெரிய கேமராதான். எல்லோரும் ஆதார் கார்டுக்கு உட்கார்ந்தார்கள்.

பெண்ணை அனுப்பிவைத்த பின், அழுது சிவந்த கண்களோடு கமருன்னிசா கையை நீட்டினார். ஃபாத்திமா இரண்டு கார்டுகளையும் கழற்றிக் கொடுத்தாள். ஷமீமா சும்மா இருக்கக் கூடாதா? "இவ்ளோ சின்னதா கேமரா வருதா, குடு பாக்கலாம்" என்று எடுத்துத் திருப்பிப் பார்த்து, ஏதோ ஒரு பட்டனை அழுத்தினாள்.

திரையில் கமருன்னிசா சிரித்துக்கொண்டிருந்தார். முந்தானை இல்லாமல்.

கமருன்னிசா தன் கையிலிருந்த கார்டைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

"கார்டு எங்கிட்ட இருக்கு. படம் எப்படிம்மா உள்ள இருக்கு?"

ஃபாத்திமாவுக்கு உடனே புரிந்துவிட்டது. படம் வெளியே போகவே வேண்டாம். போயிருக்கலாம் என்று இந்த அறையிலிருந்து ஒரு பேச்சு கிளம்பினால் போதும், சிவாஜிநகரில் எந்த வீட்டுத் திரையும் அவளுக்கு விலகாது. வங்கியில் பழகிய மன்னிப்பு வார்த்தைகள் வரிசையாக நாக்குக்கு வந்தன. ஒன்றையும் வெளியே விடவில்லை.

"தப்பு என்னுது மாமி. இதுக்குள்ளயே கொஞ்சம் எடம் இருக்கு போல. கார்டு போடறதுக்கு முன்னாடி எடுத்ததெல்லாம் அதுல போய் உக்காந்திருக்கு. எனக்கே இப்பதான் தெரியுது."

"தெரியாமயா இத்தனை கல்யாணம் எடுத்தே?" என்றாள் ஷமீமா. இப்போது அவள் குரலில் விளையாட்டு இல்லை.

"இந்தக் கேமராவுல இதுதான் மொதல் கல்யாணம் சாச்சி. நான் இனி இதத் தொட மாட்டேன். உங்க கையிலயே இருக்கட்டும். எத அமுக்கணும்னு சொல்றேன், நீங்களே அழிங்க. எல்லாம் போயிடுச்சான்னு பாத்துட்டு அப்பறம் குடுங்க."

சொன்னபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். ஷமீமா கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். வாய் நிறைய லட்டுவோடு ஒருத்தி. கொலுசு மாட்டிவிடக் குனிந்த இன்னொருத்தி. கண்ணாடி முன்னால் தனக்குத்தானே உதட்டைக் குவித்துப் பார்த்துக்கொள்ளும் ஷமீமா.

"அய்யய்யோ, இது எப்ப எடுத்தே?"

ஒவ்வொரு படத்துக்கும் யாராவது அதையே கேட்டார்கள். எப்ப எடுத்தே, எப்ப எடுத்தே. படங்கள் அபாரமாக இருந்தன, அது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் ஊசியாய்க் குத்தியது. பெரிய கேமராவைத் தூக்கும்போது யாரும் அப்படிக் கேட்டதில்லை. சத்தம் கேட்டால் மூடிக்கொள்கிறவர்கள் மூடிக்கொள்வார்கள், வேண்டாம் என்பவர்கள் திரும்பிக்கொள்வார்கள். அவள் இத்தனை நாளும் தொல்லை என்று நினைத்தது அதைத்தான்.

கமருன்னிசாவின் படம் வந்தது. ஷமீமாவின் விரல் அழிக்கும் பட்டனுக்குப் போனது.

"இரு." கமருன்னிசா திரையைக் கண்ணருகில் கொண்டுபோனார். "எனக்குத் தெரியாமதானே எடுத்தே?"

"ஆமா மாமி."

"கேட்டிருந்தா?"

"கேட்டிருந்தா நீங்க சிரிப்ப நிறுத்தியிருப்பீங்க."

"நிறுத்தறதும் நிறுத்தாததும் என் இஷ்டம் இல்லையா?"

ஃபாத்திமா, "உங்க இஷ்டம்தான் மாமி" என்றாள்.

கமருன்னிசா கேமராவை ஷமீமாவிடம் திருப்பிக் கொடுத்தார். "இத மட்டும் கார்டுல போடச் சொல்லிக் குடு ஷமீமாவுக்கு. என் மவ பாக்கட்டும், அவ போற அன்னைக்கு அம்மா சிரிச்சிட்டுதான் இருந்தான்னு. அப்பறம் இதுக்குள்ள இருக்கறதெல்லாம் அழிச்சிடு."

"அக்கா, நான் ஒதட்டக் குவிக்கிறது நல்லாருக்கே..."

"அழிடீ."

மறுநாள் அடுகோடியில் இரண்டு கேமராக்களையும் மேஜைமேல் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். லவினா தன் கேமராவை எடுத்துப் புடவையால் துடைத்துக்கொண்டே, "இதுக்குள்ள எடம் இருக்குன்னு எனக்கே தெரியாதே" என்றாள். டிரேவர் முகத்தில் வெற்றி ததும்பியது.

"நான் அப்பவே சொன்னேன், பெரிசுதான் மரியாதைன்னு."

"மரியாதை பெரிசுல இல்லண்ணா. விடுங்க. இந்த டி.எஸ்.எல்.ஆர எனக்கே குடுத்துடறீங்களா?"

"இதா? இது கெழடு. வாங்கறதுதான் வாங்கறே, புதுசா மிர்ரர்லெஸ்னு ஒரு கேமரா வந்திருக்கு, பாரு. எடை பாதி. அமுக்கினா மூச்சு விடற சத்தம்கூட வராது."

"எனக்குச் சத்தம் வரணும்."

"என்னது?"

"சத்தம் வரணும்ணா. நல்லா, சட்டக்குனு."

டிரேவர் மனைவியைப் பார்த்தார். லவினா தோளைக் குலுக்கினாள்.

ஒரு மாதம் போலப் போயிருக்கும். ஷமீமாவே கூப்பிட்டாள். அவளுடைய அண்ணன் மகள் கல்யாணம், ஃப்ரேசர் டவுன் பக்கம் மண்டபம். "அந்தத் தீப்பெட்டிய எடுத்துட்டு வந்துடாத தாயே" என்றாள். ஃபாத்திமா போனாள். உறைகள் கிழிந்தன, போன்கள் துணிப்பைக்குள் இறங்கின. மணப்பெண் அறை வாசலில் நின்று, கழுத்தில் தொங்கிய, டிரேவரிடம் வாங்கிய சொந்தக் கேமராவைத் தூக்கி, உத்தரத்தைப் பார்த்து ஒருமுறை அழுத்தினாள்.

சட்டக்.

எல்லாத் தலையும் திரும்பியது. ஓரத்தில் இருந்த இருவர் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஒரு பெரியம்மா எழுந்து அடுத்த அறைக்குப் போனார். ஷமீமா கண்ணாடி முன்னாலிருந்து திரும்பி, நேராக லென்ஸைப் பார்த்து, உதட்டைக் குவித்தாள்.