அகல மட்கார்டு

தமிழுக்கும் தெலுங்குக்கும் எல்லைத் தகராறு கொதித்துக்கொண்டிருந்த மழைக்காலம். என் சைக்கிளின் அகல டயர் வாரியடித்த சேற்றில் நான் நெய்த புடவைக் கட்டு ஒன்று ஏற்கெனவே பாழாகியிருந்தது. அடுத்த கட்டைப் புத்தூருக்குக் கொண்டுபோகும் வழியில் மட்கார்டு மாட்ட நகரி சைக்கிள் கடையில் நின்றேன். கடைக்காரருக்குச் சிவந்த கண்கள், உதட்டை மூடிய மீசை. வருகிறவர்களிடம் முதலில் அவர் கேட்பது, நகரி எந்தப் பக்கம் சேரவேண்டும் என்பதைத்தான்.

"மெட்ராஸ் பக்கம்" என்றேன்.

"போரா! மட்கார்டும் மெட்ராசுலயே வாங்கிக்கோ."

"மழை பேஞ்சிக்கினு இருக்குதுண்ணா. இந்தக் கட்டும் போச்சுன்னா இன்னாத்த துன்றது?"

அவர் புடவைக் கட்டைப் பார்த்தார். சைக்கிளைப் பிடுங்கி, இருந்ததிலேயே அகலமான மட்கார்டை மாட்டி, என் கழுத்தைத் திருகுவதுபோல் நட்டை முறுக்கினார்.

"உனக்காக இல்ல, துணிக்காக. இனிமே இந்தக் கடைப் பக்கம் வந்தா காலை ஒடிப்பேன்."

புத்தூர்வரை கொட்டிய மழையில் துணிமேல் ஒரு பொட்டுச் சேறு படவில்லை. அவர்மேல் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் திட்டத் தொடங்கினால் பாதியிலேயே வாய் நின்றுவிடுகிறது.