ஏழு நாள் விருந்தாளி

1976ஆம் வருஷம் மாசி மாதத்தில் வீரம்மாளுக்கு அந்தக் கடிதம் வந்தது. 'பக்கிரி, கருவேப்பிலங்குறிச்சி, விருத்தாசலம் பக்கம், இந்தியா' என்று மட்டும் விலாசம். புருஷன் பக்கிரியின் பூர்வீக ஊர் அது. அங்கே அவருக்கு நிலமும் இல்லை, வீடும் இல்லை. யாரோ ஒரு பங்காளி வாங்கி வைத்திருந்து, விருத்தாசலத்துக்கு வந்தபோது பீங்கான் கம்பெனி வாசலில் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அச்சிலிருந்து எடுத்த ஜாடிகளின் பிசிறைச் சுரண்டுவது வீரம்மாளின் வேலை. படிக்கத் தெரியாது. கூட வேலை செய்யும் சம்சாத் பேகம்தான் படித்துச் சொன்னாள். தமிழ் எழுதத் தெரிந்த யாரையோ கொண்டு எழுதியிருந்தது கொளஞ்சி, எட்டு வருஷத்துக்கு முன் சிலோனில் விட்டுவிட்டு வந்த மகள்.

தேயிலைத் தோட்டத்துக் கூலி வயிற்றுக்குப் பற்றாமல், எட்டு வயசில் அவளைக் கண்டியில் ஒரு சிங்கள வாத்தியார் வீட்டு வேலைக்கு விட்டிருந்தார்கள். மறுவருஷமே, இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி அவர்கள் இந்தியாவுக்குப் புறப்பட உத்தரவு வந்தது. பக்கிரி அவளைக் கூட்டிவரப் போய்த் தனியாகத் திரும்பினார். "வூடு பூட்டியிருக்குது. எங்க போனாங்கன்னு யாருக்கும் தெரியலை" என்றார். மறுநாள் ரயில், அடுத்த நாள் கப்பல். தவறினால் காகிதம் எதுவும் செல்லாது என்றார்கள். வீரம்மாள் தலைமன்னார் வரைக்கும் மாரில் அடித்துக்கொண்டே வந்தாள்.

இப்போது கொளஞ்சி பௌத்த பிக்குணிகளின் மடத்தில் இருந்தாள். வாத்தியார் வீட்டம்மா இறந்ததும் மடத்தார் சேர்த்துக்கொண்டார்களாம். தலையை மழித்துத் துறவு கொடுத்து, சுதம்மா என்று பேரும் வைத்தாயிற்று. விருந்தாளியாக அம்மா வந்து ஏழு நாள் தங்கலாம் என்று எழுதி, எப்படி வர வேண்டும் என்றும் சொல்லியிருந்தாள். வெள்ளைப் புடவை இரண்டு வேண்டும். நகையும் பூவும் கூடாது. மதியத்துக்குமேல் சாப்பாடு கிடையாது. கொண்டுவருவது எதுவானாலும் மடத்துக்குப் பொது. 'என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல், எல்லாரையும் போல விழுந்து கும்பிட்டு, மேணியோ என்று சொல்லவும்.'

"மேணியோன்னா?" என்றாள் சம்சாத்.

"அம்மான்னு அர்த்தம்" என்றாள் வீரம்மாள்.

பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் ஏழு மாதம் ஓடியது. அந்த ஏழு மாதமும் அவள் மதியக் கஞ்சியோடு நிறுத்திப் பழகினாள். முதல் வாரம் சூளைப் பக்கம் மயங்கி விழுந்தாள். "நோன்புல எங்களுக்குப் பகல் பட்டினி, உனக்கு ராவுல. பழகிடும், தண்ணிய மட்டும் நிறையக் குடி" என்ற சம்சாத், தன் அம்மாவின் வெள்ளைப் புடவை இரண்டைத் துவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தப் புடவைகளைக் கொடியில் பார்த்ததும் பக்கிரி கத்தினார். "நான் உசுரோட இருக்கச்சே வெள்ளைப் புடவையா? தாலிய வேற கழட்டி வெச்சிட்டுப் போவியா?"

"கழட்டத்தான் போறேன். வூடு பூட்டியிருக்குதுன்னு திரும்பி வந்தீங்களே, அன்னிக்கே அவளை நாம பறிகொடுத்தாச்சு. இனிமே எதைக் கழட்டினா என்ன?"

பக்கிரி சுவரோரம் குந்தினார்.

"வூடு பூட்டலை."

வீரம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"வாசல் வரைக்கும் போனேன். உள்ளார பாத்திரம் கழுவுற சத்தம் கேட்டுச்சு. புள்ள நல்ல கவுனு போட்டுக்கிட்டு இருந்துச்சு. இந்தியாவுக்குப் போயி எதைப் போட்டு வளர்க்கப் போறோம், அந்த வூட்லயாச்சும் சோறு தின்னட்டும்னு நெனைச்சேன். கூப்பிடாம வந்துட்டேன்."

அவள் அழவில்லை. கொடியிலிருந்து புடவைகளை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள். "நீ வர வேணாம்" என்றாள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவரை நீ என்று சொன்னாள்.

ஐப்பசியில் கப்பலேறினாள். மடத்து வாசலில் காவி உடுத்தி ஒல்லியாக ஒரு பெண் நின்றாள். சின்ன வயசிலேயே இருந்த காதோரத் தழும்பை வைத்துத்தான் வீரம்மாள் மகளை அடையாளம் கண்டாள். மண்டியிட்டு, நெற்றி தரையில் பட விழுந்து, "மேணியோ" என்றாள். தலைக்கு மேல் மகள் ஏதோ ஆசீர்வாதம் முணுமுணுத்தாள். குரலில் நடுக்கம் இல்லை.

ஏழு நாளும் முற்றம் கூட்டினாள், கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். மகளோடு தனியாக உட்காரக் கிடைத்தது ஆறாம் நாள்தான். சுதம்மாவுக்குத் தமிழ் தட்டித் தட்டித்தான் வந்தது.

"அப்பா வரலையா?"

"வரலை."

"அன்னைக்கு வந்தார். ஜன்னல்ல பார்த்தேன். கை எல்லாம் சாம்பல். கழுவிட்டு ஓடி வந்தேன். அதுக்குள்ள போயிட்டார்."

"கோவமா இருக்குதா?"

"இல்லை."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த 'இல்லை'யில் தனக்கென்று எதுவும் மிச்சமில்லை என்று வீரம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் மறுபடி விழுந்து கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டாள்.

விருத்தாசலம் ஸ்டேஷனில் பக்கிரி காத்திருந்தார். "என்னைக் கேட்டுச்சா?" என்றார்.

மறைக்காமல் சொன்னாள். ஜன்னல், சாம்பல் கை, ஓடி வந்தது, எல்லாம். அவர் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் தூக்கிவிடவில்லை. பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அடுத்த வருஷம் அவள் போட்ட மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. நான்காவது கடிதம் மேலே சிங்களத்தில் ஏதோ எழுதித் திரும்பி வந்தது. சிலோனிலிருந்து வந்த ஒருவர்தான் படித்துச் சொன்னார், சுதம்மா அங்கே இல்லை, எங்கே போனாள் என்று தெரியாது என்று.