நோயில்லாத வீட்டுக்கு ஒரு ஆரஞ்சு

இரண்டாம் வகுப்போடு நின்று, மறந்தும்போன படிப்பு. காற்றடித்தால் சாய்ந்துவிடுவது போன்ற உடம்பு. ஏழு வயதில் வந்து, போக மனசில்லாமல் போன ஒரு காய்ச்சல். வாயை அடக்கத் தெரியாததால் பறிபோன மூன்று வேலைகள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு குண்டூசி ஜெயித்தவை இவை: தையல் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை, பழத்தைக் கண்டாலே அழுத பிள்ளைகளின் காலித் தட்டுகள், அவர்களுடைய அம்மாக்களின் நம்பிக்கை, அதுவும் முக்கால்வாசிதான், கடைசியாக, தன் பேரில் ஒரு கையெழுத்து.

குண்டூசி என்பது அண்ணன் வைத்த பேர். ஒல்லியாக இருப்பதால் என்று எல்லோரும் நினைத்தார்கள். பேச்சால் குத்துவாள் என்பதால்தான் அவன் வைத்தான்.

அந்த அண்ணன் அதே கம்பெனி வாசலில் காவலாளி. சந்தேகப்படுவதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவராகப் பையை அவன் மேஜையில் வைக்க வேண்டும். தூக்குச்சட்டிக்கு அடியில் ஒரு காலர் துணி மடித்து வைத்திருந்தால், மூடியைத் திறக்குமுன்பே அவன் கைக்கு அந்தக் கனம் தெரிந்துவிடும். அம்மாக்கள் தைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர்களுடைய சின்னப் பிள்ளைகள் பின்கட்டில் இருந்த காப்பகத்தில் கிடப்பார்கள். அங்கே குண்டூசிக்கு இரண்டு அடுப்பும் ஒரு கத்தியும்.

ஒருநாள் டாக்டர் ஒருவர் வந்து பிள்ளைகளை எடை போட்டார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் போதாது, சத்து போதாது என்றார். மறுநாளிலிருந்து காலையில் ஒரு பழம், மதியம் இரண்டு காய் என்று உத்தரவு வந்தது.

முதல் நாள் ஆரஞ்சு. குண்டூசி தோலை உரித்து, சுளை சுளையாகப் பிரித்துத் தட்டில் வைத்தாள். பட்டன் தைப்பவளின் மகள் தட்டைப் பார்த்தாள், குண்டூசியைப் பார்த்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைடி கண்ணு. சாப்பிடு."

"எங்கம்மாவுக்கா?" உதடு கோணியது. அவள் அழ, பக்கத்தில் இருந்தவன் அழ, காரணம் தெரியாத கடைசிப் பையன் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதான்.

அந்தச் சந்துகளில் பழம் ஒரே வழியாகத்தான் வீட்டுக்குள் வரும்: பிளாஸ்டிக் பையில் தொங்கிக்கொண்டு, படுத்திருப்பவரின் தலைமாட்டுக்கு. பழம் வந்தது என்றால் யாருக்கோ முடியவில்லை. பழம் நிறைய வந்தது என்றால் அவர் திரும்பி எழுந்திருக்க மாட்டார்.

சாயங்காலம் செய்தி வாசலுக்கு வந்துவிட்டது. பட்டன் தைப்பவள் தன் பையை மேஜையில் வைக்காமல், வெளியே வந்த குண்டூசியை மறித்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அக்கா, நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்குப் பழம்?"

"சத்துக்குத்தான்" என்றாள் குண்டூசி.

"டாக்டர் வந்து கண்ணை இழுத்துப் பார்த்தாரு. மறுநாளே பழம் கொடுக்கிறீங்க. பிள்ளைங்களுக்கு என்ன நோய்? எங்ககிட்ட எதை மறைக்கிறீங்க?"

இஸ்திரி போடுபவள் குறுக்கே வந்தாள். "ஒரு ஃபேன் மாட்டவே நம்மள வருஷக்கணக்கா கெஞ்ச விட்ட கம்பெனி இது. இது சும்மா பழம் கொடுக்குதாம்! நம்புற மாதிரியா இருக்கு?"

அண்ணனுக்கும் உள்ளுக்குள் நம்பும்படியாக இல்லை. அவன் அடுத்தவளின் பையை இழுத்துத் திறந்தான்.

மறுநாள் சில பிள்ளைகள் வரவில்லை. அதற்கு மறுநாள் இன்னும் சிலர். காப்பகத்தைப் பார்த்துக்கொண்ட மேடம் குண்டூசியைக் கூப்பிட்டாள். "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். பிள்ளைங்க வரலை, சாப்பிடலைன்னா மேலே எழுதிடுவேன். உனக்கு இங்கே வேலை இருக்காது."

இது நாலாவது வேலை. இதுவும் போனால் ஐந்தாவது கிடைக்காது என்பது அண்ணனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கேரட்டை நட்சத்திரமாக வெட்டிப் பார்த்தாள். பீன்ஸைப் பொடியாக நறுக்கிச் சோற்றில் ஒளித்தாள். ஒரு பயல் ஒவ்வொரு துண்டாகக் கண்டுபிடித்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தினான். "உன் அண்ணன் வேலைக்கு ஆள் ரெடி" என்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா சிரித்தாள்.

அப்புறம் திடீரென்று ஒரு வாரம் தட்டெல்லாம் காலி. பழமும் இல்லை, கேரட்டும் இல்லை. குண்டூசி தலைகால் புரியாமல் வாசலுக்கு ஓடி வந்து சொன்னாள். அண்ணன் சந்தோஷப்படவில்லை. போய்க் குப்பை வாளியைக் கவிழ்த்துப் பார்த்தான். ஆரஞ்சுத் தோல் இருந்தது.

"கொட்டை எங்கே?"

"என்னது?"

"சுளையைத் தின்னா கொட்டையைத் துப்பணும். ஒரு கொட்டைகூட இல்லை."

அவள் முகம் சுருங்கியது. "முழுங்கிட்டுதுங்களோ என்னவோ."

"எல்லாமா?"

அவனுக்கு மட்டும் வந்த சந்தேகம் இல்லை அது. 'நான் பழம் சாப்பிடவே இல்லை' என்று மகள் வீட்டில் சொன்னதைப் பட்டன் தைப்பவள் மேடத்தின் காதில் போட்டிருந்தாள். தட்டு காலி, பிள்ளை சாப்பிடவில்லை என்றால் பழம் எங்கே போகும்? காய்கறிக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "நான் சரியாத்தான் போடுறேன் மேடம். தங்கச்சி கைநாட்டு வெச்சுத்தானே வாங்குது, கேளுங்க" என்று அவர் நழுவிவிட்டார். கைநாட்டு என்ற சொல்லை அவர் சொன்ன விதம் குண்டூசிக்குச் சுருக்கென்றது.

மேடம் வாசலுக்கு வந்தாள். "இன்னிக்கு உங்க தங்கச்சி பையையும் பாருங்க. தனியா இல்லை, எல்லார் முன்னாலயும்."

வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. குண்டூசி பையை மேஜையில் கவிழ்த்தாள். ஒரு துண்டு, ஒரு சீப்பு, தூக்குச்சட்டி.

"நல்லா பாருண்ணா. சட்டிக்கு அடியிலயும் பாரு. என்னால உன் வேலையில குறை வர வேண்டாம்."

அவன் அடியிலும் பார்த்தான். ஒன்றும் இல்லை.

"இன்னிக்கு இல்லை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகக் காப்பகத்துக்குள் போனவன் அண்ணன். அலமாரியைத் திறந்தான், பாய்களை உதறினான், அடுப்புக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினான். பிள்ளைகளும் அம்மாக்களும் ஒவ்வொருவராக வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்போதுதான் எறும்பு வரிசை கண்ணில் பட்டது. அது சுவரோரமாகப் போய், மூலையில் கிடந்த யானை மேல் ஏறியது. வெட்டுத்துணியை அடைத்துத் தையல்காரப் பெண்கள் செய்து கொடுத்த பெரிய பொம்மை யானை. தூக்கினான். துணிக்கு இருக்கக் கூடாத கனம். வயிற்றுத் தையல் ஒரு கை நுழையும் அளவுக்குப் பிரிந்திருந்தது, சின்னக் கை.

உள்ளேயிருந்து புளித்த வாடையோடு எல்லாம் வந்தது. கறுத்த ஆரஞ்சுச் சுளைகள், நூல் ஒட்டிய கேரட் நட்சத்திரங்கள், ஒரு பிடி பீன்ஸ்.

"எடுக்காதீங்க!" பட்டன் தைப்பவளின் மகள் ஓடிவந்து யானையைக் கட்டிக்கொண்டாள். "அது எங்கம்மாவுக்கு!"

"உங்கம்மா நல்லாத்தானே இருக்காங்க?"

"இப்போ நல்லா இருக்கு. படுத்துட்டா?"

"என்னது எங்கப்பாவுக்கு" என்றான் பீன்ஸ் பயல்.

பட்டன் தைப்பவளுக்கு அப்போதும் சந்தேகம்தான் முதலில் வந்தது. "இதையெல்லாம் யாருடி உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"நீதான். சித்திக்கு ஆப்பிள் வாங்கினப்ப நான் கேட்டேன். 'கை வைக்காதே, அது படுத்திருக்கிறவங்களுக்கு'ன்னு சொன்னே."

குண்டூசி அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நாமளும் அப்படித்தானேண்ணா? எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீ ஒரு ஆப்பிள் கொண்டுவந்தே."

"தின்னா செத்துப்போயிடுவேன்னு போர்வைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கிட்டே. சுருங்கிக் கோலிக்குண்டு மாதிரி ஆயிடுச்சு."

குண்டூசி யானையை ஓரமாக வைத்துவிட்டுப் பாயை விரித்தாள். "சரி. பழம் படுத்திருக்கிறவங்களுக்குத்தானே? யாரு முதல்ல படுக்கிறீங்க?"

"ஐயோ, உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று பட்டன் தைப்பவள் பதறினாள். அவள் மகள் அதற்குள் படுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து காப்பகம் ஆஸ்பத்திரி ஆனது. ஒருவர் படுக்க வேண்டும், மற்றவர்கள் தட்டோடு பார்க்க வர வேண்டும், "இப்போ எப்படி இருக்கீங்க?" என்று கேட்க வேண்டும். நோயாளி தின்றால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். பீன்ஸ் பயலுக்கு மட்டும் தினம் ஒரு புது வியாதி. "எனக்குக் காதுல பல்வலி" என்றான். அதற்கு மருந்து பப்பாளி என்றாள் குண்டூசி. நோயாளி ஆவதற்கு அடிதடி வந்தது. கொஞ்ச நாளில் படுக்கவே பொறுமையில்லாமல் உட்கார்ந்தபடியே தின்றார்கள். வாளியில் கொட்டை விழுந்தது. அண்ணன் வந்து பார்த்துவிட்டுத்தான் போனான்.

அம்மாக்கள் அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. ஒரு சாயங்காலம் குண்டூசி கொய்யாவை நறுக்கித் தட்டோடு வாசலில் நின்றாள். பட்டன் தைப்பவள் ஒரு துண்டை எடுத்து முகர்ந்து, திருப்பிப் பார்த்தாள்.

"நீ முதல்ல தின்னு."

குண்டூசி தின்றாள்.

"அந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணு தின்னு."

அதையும் தின்றாள். "இப்படியே போனா எனக்கு மட்டும்தான் சத்து ஏறும்."

வரிசை சிரித்தது. பட்டன் தைப்பவள் ஓரமாகக் கடித்து, மெதுவாக மென்றாள். உடம்பு நன்றாக இருக்கும்போது பழம் தின்றதே இல்லை என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள். இஸ்திரி போடுபவள் மட்டும் கடைசிவரை எடுக்கவில்லை. கம்பெனிக்கு இதில் என்ன லாபம் என்று அவள் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மாசக் கடைசி வந்தது, போனது. யாரும் குண்டூசியைப் போகச் சொல்லவில்லை. நின்றுபோன பிள்ளைகள் திரும்பி வந்திருந்தார்கள். மேடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கூடுதலாக ஒரு கத்தி வாங்கிக் கொடுத்தாள்.

கைநாட்டு என்ற அந்தச் சொல் மட்டும் அவளுக்குள் குத்திக்கொண்டே கிடந்தது. பெரிய பிள்ளைகளுக்கு ஆயா பலகையில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்போது, குண்டூசி பின்னால் உட்கார்ந்து காய் நறுக்குவாள். நறுக்கும் பலகையில் ஈர விரலால் ஏதோ கிறுக்குவாள். அண்ணன் அதையும் பார்த்திருந்தான். கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவள் கையில் ஒரு ஆரஞ்சோடு வந்தாள். பையில் போடவில்லை, வெளியே தெரியும்படி பிடித்திருந்தாள். கம்பெனிப் பொருள் எது வெளியே போனாலும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

"மேடம்கிட்ட கேட்டியா?"

"கேட்டாச்சு."

அவன் பொருளை எழுதினான். பேனா நின்றது. தங்கையின் முகத்தை மேலும் கீழும் பார்த்தான். "யாருக்கு உடம்பு சரியில்லை?"

"யாருக்கும் ஒண்ணுமில்லை. தின்னணும்போல இருக்கு."

"நிஜமாவா?"

"நெத்தியைத் தொட்டுப் பாரேன்."

தொட்டுப் பார்த்தான். சுடவில்லை. பழக்கத்தில் மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் அதை ஓரமாகத் தள்ளி, ஆரஞ்சை மேஜையில் வைத்து, அவன் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே போகாமல் எழுதி முடித்தாள். மை காயும்வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அண்ணன் பக்கத்துக் கட்டத்தில் தேதியைப் போட்டான்: 2017, ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை.