மூன்று வரிசை மஞ்சள்

விமலா கன்றுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பச்சையாக இருந்தவை வலப்பக்கம், மஞ்சளடித்தவை வேலியோரம். காலை ஏழு மணிக்குக் குனிந்தவள் எட்டரை ஆகியும் இடுப்பை நிமிர்த்தவில்லை. கறுப்புப் பைகளில் நின்ற மஹாங் என்ற சதுப்புக்காட்டு மரக் கன்றுகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன. முன்வரிசைகளில் ஒவ்வோர் இலையும் உள்ளங்கை அகலம். கோளாறெல்லாம் பின்னாலிருந்த மூன்று வரிசைகளில்தான். நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் வெளுத்து, காமாலை கண்ட பிள்ளைகள் மாதிரி நின்றன.

“எத்தனைக்கா?” என்றாள் கூட வேலை செய்யும் நாகமணி.

“நானூறு தாண்டிருச்சு.”

“பத்து மணிக்கு அஸ்ருல் வந்திருவான். மஞ்சள்னு தெரியும், எத்தனைன்னு அவனுக்குத் தெரியாதுல்ல? பச்சைய முன்னாடி வெச்சி, இதையெல்லாம் பின்னாடி தள்ளிட்டா? இந்த வெயில்ல உள்ள பூந்து பாக்கவா போறான்?”

“அவனா? ஒவ்வொரு பையா தூக்கி அடியில வேரு எட்டிப் பாக்குதான்னு பாக்கற பய. வாய மூடிக்கிட்டு எண்ணு.”

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாயில், செம்பனைத் தோட்டம் கைமாறி லய வீடுகளைக் காலி செய்தவர்களுக்குக் கிடைத்த வீடமைப்பு அது. பொது மண்டபத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தில் ஐந்து பெண்கள் இந்த நாற்றங்காலைப் போட்டு மூன்று வருடமாகிறது. தீயில் கருகிய சதுப்புக் காட்டை மீட்கும் அமைப்பு ஒன்று விதையும் பையும் கொடுத்து, வளர்ந்த கன்றுகளை வாங்கிக்கொள்ளும். அதன் ஆள்தான் அஸ்ருல். உரத்துக்கு வழி செய்வது பெண்கள் பாடு. ஆலையில் எண்ணெய் பிழிந்து தள்ளும் செம்பனை வெறுங்குலைகளை நார் நாராகப் பிய்த்து, ஹபீபுல்லா சாப்பாட்டுக் கடையின் காய்கறிக் கழிவையும் தேயிலைச் சக்கையையும் இடையிடையே அடுக்கி, புரட்டிப் புரட்டி மூன்று மாதம் மக்கவைப்பார்கள். பிறகு கறுப்புச் சதுப்பு மண்ணோடு கலந்து பையில் போடுவார்கள்.

விமலா பதினேழு வயதில் தோட்டத்தில் மருந்தடிக்கப் போனவள். முதுகில் கேனைக் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடம் புல்லைச் சாகடித்தாள். நாற்பத்தொன்பது வயதில்தான் ஒன்றை முளைக்கவைக்கும் வேலை கிடைத்தது. அதிலும் தலைக்குமேல் நின்று அதட்ட மண்டோர் இல்லாத வேலை. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

ஆயிரத்து இருநூறு கன்றுகளில் கால்பங்குக்குமேல் பழுதானால், அடுத்த வருட வேலை கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு பெரிய பண்ணைக்குப் போய்விடும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

மஞ்சள் தெரிந்த அன்றே விமலா முடிவு கட்டிவிட்டாள். கடைக் கழிவில் குழம்பு கலந்திருக்கிறது, உப்பு ஏறிவிட்டது. முதல் வருடம் ஒரு தடவை அப்படி ஆகியிருந்தது. கழிவைப் பிரித்து அனுப்புவது ஹபீபுல்லாவின் மனைவி பரீதா. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், விமலா வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி போட்டாள்: “பரீதா, கருவாட்டுக் கொழம்பு ஊத்தினா செடி வளருமா? நாங்க என்னா குப்பைத்தொட்டியா?”

அஸ்ருலுக்கும் ஃபோனில் அதையே சொன்னாள். அது ஐந்து நாளைக்கு முன்.

இப்போது ஒரு கன்றின் மேல்மண்ணைக் கிளறியபோது விரலில் சாம்பல் நிறமாக ஏதோ ஒட்டியது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தாள். சோப்பு மாதிரி வழுக்கியது. அடுத்த பையைக் கிளறினாள். அதற்கடுத்ததையும். மூன்று வரிசையிலும் இருந்தது. முன்வரிசைகளில் இல்லை.

தோட்டத்தில் வேலை செய்த கைக்கு அது என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. மகள் கங்காவின் பிரசவத்துக்காகப் பத்தாங் காலிக்குப் போய் எட்டு நாள் தங்கியபோது, தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை யாரிடம் கொடுத்தோம் என்பதும் அவளுக்கு நினைவிருந்தது.

வீடு நாலு எட்டில். கணவர் செல்லன் அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னாங்க, கன்னுக்குச் சாம்பல் போட்டீங்களா?”

“ஆமா. ஆலைல கேட்டு மோட்டார்சைக்கிள்ல ரெண்டு சாக்கு கொண்டாந்தேன்.” அவர் முகம் மலர்ந்தது. “ஏன், நல்லா புடிச்சிக்கிச்சா?”

விமலா சாம்பல் ஒட்டிய விரலை அவர் முன் நீட்டினாள்.

“எல்லாம் மஞ்சளாப் போச்சி.”

“மஞ்சளா? சதுப்பு மண்ணுக்குச் சாம்பல் போட்டா கருகருன்னுல வரும்? முப்பது வருஷம் ஆள வெச்சிப் போட்டிருக்கேன்.”

“அது செம்பனை. புளிச்ச மண்ணு அதுக்கு ஆகாது, சாம்பல் கேக்கும். இது காட்டு மரம். புளிச்ச தண்ணியிலயே பொறந்தது. அந்தப் புளிப்ப எடுத்துட்டா அது எங்க போவும்? என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“மண்டோரா இருந்தவன், பொண்டாட்டிகிட்ட கேட்டுத்தான் உரம் போடணுமா?” என்றார். ஆனால் குரலில் பழைய கனம் இல்லை. “சாக்கு தீந்துபோச்சி. இல்லாட்டி எல்லாத்துக்கும் போட்டிருப்பேன்.”

“பெரிய புண்ணியம்.”

தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்தார். “இங்க பாரு. பழி கடைமேல போயாச்சி. அது கெடக்கட்டும். அவங்களுக்கு ஒரு கடை இருக்கு. உனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. மேல்மண்ண வழிச்சிட்டா யாருக்குத் தெரியும்?”

விமலா குழாயடியில் கை கழுவினாள். எவ்வளவு தேய்த்தும் விரலில் வழுவழுப்பு போகவில்லை.

பத்து மணிக்கு அஸ்ருல் வந்தான். மண்டபத்தின் பின்னறையில், மடக்கு மேசைக்குப் பின்னால் பரீதா முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். அவளை வரச் சொன்னது அஸ்ருல்தான். மடியில் தலைக்கவசத்தை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். விமலா வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“விமலாக்கா, நீங்க ஃபோன்ல சொன்னத வெச்சே ரிப்போர்ட் அடிச்சிட்டேன்,” என்றான் அஸ்ருல். “வெளிக் கழிவுல உப்பு. குழுவோட தப்பு இல்ல. அப்ப மஞ்சளானது எத்தனையா இருந்தாலும் கணக்குல சேக்க மாட்டாங்க. கடைய லிஸ்ட்லேருந்து எடுத்துருவோம். நீங்க ஒரு சைன் போட்டா முடிஞ்சிதுலா.”

“நான் கையால பொறுக்கித்தான் அனுப்பறேன், தம்பி,” என்றாள் பரீதா, அவனைப் பார்த்து. “கொழம்பு பட்ட இல கூட போவாது. வேணும்னா வந்து பாருங்க.”

“நீங்க சொல்றீங்க ஆண்ட்டி. ஆனா செடி வேற மாதிரி சொல்லுது.”

விமலா பேனாவை எடுத்தாள். கையெழுத்துக்கான கோடு நேராக இருந்தது. ஒரு வினாடி வேலை. ஐந்து பெண்களின் அடுத்த வருடம் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தது. நாகமணி வெளியே ஜன்னலோரம் நின்று எட்டிப் பார்ப்பது தெரிந்தது.

பேனாவை வைத்துவிட்டாள்.

“உப்பு இல்ல, அஸ்ருல். சாம்பல். ஆலைச் சாம்பல். எங்க வீட்டுக்காரரு போட்டது. சாவிய குடுத்துட்டுப் போனது நானு. கடைக் கழிவுல ஒரு குத்தமும் இல்ல.”

அஸ்ருல் அவளையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தான். “அக்கா, என்னா சொல்றீங்கன்னு தெரிஞ்சிதான் சொல்றீங்களா? இது உங்க குழு தப்பாப் போயிரும்.”

“தெரியும். புளிப்பு பாக்கற மீட்டர கொண்டாந்து மண்ணுல குத்திப் பாரு.”

அவன் போய்க் குத்திப் பார்த்தான். திரும்பி வந்து, “சாம்பல்தான்,” என்றுவிட்டு, மேலிடத்தோடு பேசக் கைப்பேசியோடு வெளியே போனான். கால் மணி நேரம். உள்ளே விமலா ஒரு தரம் பேச வாயெடுத்தாள். பரீதா தலைக்கவசத்தின் வாரை இழுத்துச் சரிசெய்தாள். விமலா வாயை மூடிக்கொண்டாள்.

அஸ்ருல் வந்து நின்றபடியே பேசினான். “நீங்களே முன்வந்து சொன்னதால ஆறு வாரம் டைம் குடுக்கறாங்க. அந்த நானூறையும் புது மண்ணுல மாத்தி, பச்சையாக்கிக் காட்டணும். ஆனா அடுத்த வருஷ ஒப்பந்தத்துக்கு, கழிவு தர்ற கடை தொடர்ந்து தரும்னு இன்னிக்கே கையெழுத்து வேணுமாம். இப்ப குழுமேலயே தப்புங்கறதால, வேற கடைன்னா முதல்லேருந்து சோதனை. அதுக்கு அவங்க காத்திருக்க மாட்டாங்க.”

புதுக் காகிதத்தை மேசையில் பரீதாவின் பக்கம் நகர்த்தினான்.

“பரீதா,” என்றாள் விமலா. “நான் பேசினது தப்பு. அதே குழுவுல, அதே வாயால சொல்லிடறேன்.”

பரீதா முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள். “அந்த வாய்ஸ எங்க மாமியார் கடையில வெச்சி எல்லார் முன்னாடியும் ஸ்பீக்கர்ல போட்டாங்க, விமலாக்கா. அஞ்சு நாளா வர்றவன் போறவன்லாம் ‘கருவாட்டுக் கொழம்பு இருக்கா’ன்னு கேட்டுச் சிரிக்கறான். எங்க வீட்டுக்காரரு ‘இனி இந்தக் குப்பை வேலை வேணாம்’னுட்டாரு. நான்தான் இல்ல, விமலாக்கா தெரியாம பேசியிருப்பாங்கன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்.”

“தெரியாமத்தான் பேசிட்டேன்.”

“கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்ல?”

ஒரு மணி நேரத்துக்கு முன் அடுப்படியில் தான் கேட்ட அதே கேள்வி. விமலா தலையைக் குனிந்துகொண்டாள்.

“கையெழுத்து போடுவியா, பரீதா? எனக்காக வேணாம். மத்த நாலு பேருக்காக.”

பரீதா எழுந்தாள். நாற்காலியை மேசைக்கடியில் தள்ளினாள். காகிதம் கையெழுத்தில்லாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. அஸ்ருல் கதவை விட்டு ஒதுங்கி வழிவிட்டான். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், அவள் வெளியே போனாள்.