மண்டபத்துக்குள் வந்த மாமியார்

விலைவாசி ஏறியும் சம்பளம் ஏறாததால், ஆம்பூரில் ஷூ கம்பெனிப் பெண்கள் நாங்கள் வேலைநிறுத்தம் செய்தோம். ஊர்வலம் போனபோது, அதற்குத் தடை என்று சொல்லி போலீஸ் எங்களைக் கல்யாண மண்டபத்தில் அடைத்தது. "வேல போய்ட்டா சோத்துக்கு இன்னா பண்ணுவ?" என்று காலையில் கத்திய மாமியார், மதியம் தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றார். எல்லார் முன்னாலும் திட்டப்போகிறார் என்று பயந்தேன்.

"கைதானவங்க மட்டும்தான் உள்ள இருக்கலாம்," என்று தடுத்தார் காவலர்.

"அப்ப என்னையும் கைது பண்ணிக்கோ சார். என் மருமவ பசி தாங்கமாட்டா."

உள்ளே வந்து எனக்குச் சோறு போட்டவர், சாயந்திரம் விடும்வரை எங்களைவிடச் சத்தமாகக் கோஷம் போட்டார்.

சம்பளம் கொஞ்சம்தான் ஏறியது. ஆனால் நான் பசி தாங்கமாட்டேன் என்பதுவரை, இத்தனை வருஷமாக அவர் என்னைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.